குடியும் திருச்சபையும் – கல்முனைக் கரையோரச் சமூக வரலாற்றில் ஒரு நோக்கு

கல்முனையிலிருந்து வடக்கு நோக்கி மட்டக்களப்பு வீதியிற் செல்வோர் முதலிற் பாண்டிருப்பையும், அதனையடுத்து மருதமுனையையும், பின்னர் பெரிய நீலாவணையையும் கடந்து செல்வர். தெற்கு நோக்கிச் செல்வோருக்குக் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் தொடர்கின்றன. ஓரூர் தமிழ்ச் சைவருடையது. அடுத்தது தமிழ் பேசும் முஸ்லிம்களுடையது. ஓர் ஊரின் கோயில் மணியோசை அடுத்த ஊருக்கும், அடுத்த ஊரின் பாங்கோசை இவ்வூருக்கும் கேட்கும் அண்மையில் இவை அமைந்துள்ளன. கிழக்கே கடலும் மேற்கே வயல்வெளியும் எல்லைகளாக அமைய, இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றிட்டில் இரு பெருஞ் சமூகங்களும் நெருங்கி வாழ்ந்து வந்துள்ளன.

இவ்விரு சமூகங்களுக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு சிறு சமூகமும் உண்டு. அம்பாறை மாவட்டத்திற் கிறிஸ்தவர் தொகை, 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு வீதமே. தொகையை மட்டும் நோக்குவோர் இச்சமூகத்தின் வரலாற்றை ஓர் அடிக்குறிப்பிலே அடக்கிவிடக் கூடும். ஆயின், கல்முனைக் கரையின் கல்வி வரலாற்றையோ பொதுப்பணி வரலாற்றையோ எழுதப் புகுவோர் எவரும் அதனைத் தவிர்த்துச் செல்லல் இயலாது. இதற்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. ஒரு மனிதன் ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன் ஆவது எவ்வாறு, அக்கூட்டம் தன்னைச் சேராத பிறருக்கு என்ன கடமைப்பட்டுள்ளது என்னும் இரு வினாக்களுக்கும் இக்கரை வழங்கிவந்த விடையைத் திருச்சபை மாற்ற முனைந்தது. அம்முயற்சியில் அது பெற்ற வெற்றி அது எதிர்பார்த்த இடத்தில் அன்றி வேறோரிடத்திற் கிட்டியது.

மட்டக்களப்புத் தேசத்துச் சமூக அமைப்பிற் குடி முறை பெற்றிருந்த முதன்மையை வி. சீ. கந்தையா அவர்கள் 1964 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ முதலான நூல்கள் வாயிலாக அறியலாம். அக்கரைப்பற்றிற் கள ஆய்வு நடத்திய மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அவர்களும் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். குடி என்பது தாய்வழி வருவது. தந்தையின் குடி எதுவாயினும் பிள்ளைகள் தாயின் குடியையே சேர்வர். ஒரே குடிக்குள் மணம் செய்தல் முறையன்று. வீடு சீதனமாகப் பெண்ணுக்குச் செல்ல, மணமகன் பெண் வீட்டிற் சென்று வாழ்வான். இம்முறை சைவருக்கு மட்டும் உரியதன்று. இக்கரையோரத்து முஸ்லிம்களிடையேயும் குடி உண்டு, சீதன வீடும் உண்டு. கோயிலின் வண்ணக்கர் இன்ன குடியினர், இன்ன நாள் திருவிழா இன்ன குடிக்குரியது என்று கோயிலில் வகுக்கப்பட்டிருந்தவாறே, பள்ளிவாசலின் மரைக்கார்மாரும் குடி அடிப்படையில் தெரியப்பட்டு வந்தனர். மதத்தால் வேறுபட்ட இரு சமூகங்கள் உரிமையையும் கடமையையும் பங்கிடும் முறையில் இத்துணை ஒத்திருந்தமை வியப்புக்குரியது.

பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் கோயில் உற்சவம் இதற்குத் தக்க சான்றாகும். பாரதக் கதையைப் பதினெட்டு நாட் சடங்காக நிகழ்த்தித் தீமிதிப்புடன் நிறைவுறும் அவ்விழாவில் ஊர் முழுவதும் பங்குகொள்கின்றது. பாண்டவர் வேடம் தாங்குவோர், நோன்பு காப்போர், தீக்குழி ஆக்குவோர் எனக் கடமைகள் பலவாகப் பிரிந்து செல்கின்றன. இவ்வாறான சமூகத்திற் பிறந்த ஒருவன் தான் எவருக்கு உரியவன் என்று வினாவ வேண்டிய தேவை எழுவதில்லை. பிறக்கும்போதே அவனுக்கு ஒரு குடியும், அக்குடிக்கு ஒரு கோயிலும், அக்கோயிலில் ஒரு நாளும் இருந்தன. அந்த உறுதி எளிதில் இகழத்தக்கதன்று. ஆனால் அதற்கு ஓர் எல்லையும் இருந்தது. குடியின் கடமைகள் குடிக்கும் கோயிலுக்குமே உரியன. குடியற்ற ஒருவன், வேற்றூரான், தாழ்ந்த சாதியிற் பிறந்தான் என்று ஒதுக்கப்பட்டவன், கணவனை இழந்து உறவினரும் அற்ற ஒருத்தி ஆகியோருக்கு அவ்வமைப்பில் இடம் குறுகியதாகவே இருந்தது.

போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொணர்ந்த கிறிஸ்தவம் இந்நிலையைப் பெரிதும் மாற்றியதெனக் கூறல் இயலாது. 1638 ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களது ஆட்சி நிலவிய பகுதிகளிற் பாடசாலைத் தோம்பு பேணப்பட்டது. ஞானஸ்நானமும் திருமணமும் அதிற் பதியப்பட்டன. சட்ட உரிமையும் உத்தியோகமும் வேண்டுவோர் பெயரளவிலேனும் சீர்திருத்தத் திருச்சபையினராக வேண்டியிருந்தது. ஏட்டிலே பெயர் இருந்தது; வாழ்விலே குடி இருந்தது. ஆங்கிலேயர் 1796 இல் கரையோரத்தைக் கைப்பற்றிய பின்னர், ஏட்டுக் கிறிஸ்தவருட் பெரும்பாலோர் ஏட்டை விட்டு நீங்கினர். மட்டக்களப்பு நகரிற் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் கத்தோலிக்க ஆலயத்தைச் சுற்றித் தமது மொழியையும் கைத்தொழிலையும் காத்து நின்றமை வேறு வகைப்பட்டது. அவர்களுக்குத் திருச்சபையும் பிறப்பும் ஒன்றாகவே இருந்தன.

வேறான ஒன்று 1814 ஆம் ஆண்டிலேயே வந்தது. கலாநிதி தோமஸ் கோக் தலைமையிற் புறப்பட்ட வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரிமார் அவ்வாண்டு யூன் மாத இறுதியிற் காலியில் வந்திறங்கினர். கோக் அவர்கள் வழியிலே, மே மாதம் 3 ஆம் நாள், கப்பலில் இறந்துவிட்டார். கடற்பயணத்திலேயே மனைவியையும் இழந்திருந்த வில்லியம் ஓல்ட் என்னும் இளைஞர் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். அவர் அங்கு வாழ்ந்த காலம் ஓர் ஆண்டுக்கும் குறைவானது; 1815 ஏப்பிரல் 1 ஆம் நாள் இறந்தார். அக்குறுகிய காலத்தில் அவர் பாடசாலைகள் சிலவற்றைத் தொடக்கினார். இன்றுள்ள மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தனது தோற்றத்தை 1814 ஆம் ஆண்டிற்கு உரியதாகக் கொள்கின்றது. 1820 இல் தோன்றியதாகக் கொள்ளப்படும் வின்சன்ற் மகளிர் பாடசாலையும் இவ்வியக்கத்தின் வழிவந்ததே. ஒருவர் எட்டு மாதம் பணி செய்து மாண்ட இடத்திற் பணி தொடர்ந்தமைக்குத் தனிமனித ஆற்றல் மட்டும் காரணமாகாது. அவர் பின்னால் இருந்த அமைப்பையும் நோக்குதல் வேண்டும்.

அவ்வமைப்பின் உயிர்நாடி ‘வகுப்பு’ என்பது. 1742 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில், தமது கூட்டமண்டபக் கடனை எவ்வாறு அடைப்பது என்று ஜோன் வெஸ்லியின் சங்கத்தினர் ஆராய்ந்தபோது, ஒவ்வொருவரும் வாரந்தோறும் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் ஒருவர். பலர் அதற்கும் வழியற்ற ஏழைகள் ஆயிற்றே என்ற தடை எழுந்தது. ஏழைகளுள்ளும் ஏழைகளான பதினொருவரைத் தம்மிடம் ஒப்படைக்குமாறும், அவர்கள் கொடுக்க இயலாவிடிற் தாமே அவர்களுக்காகக் கொடுப்பதாகவும் யோசனை கூறிய கப்பித்தான் போய் என்பவரே முன்வந்தார். பணம் வாங்குதற்கு வாரந்தோறும் வீடுவீடாகச் சென்ற தலைவர்கள், அவ்வீடுகளிலே நோயையும் வேலையின்மையையும் குடிப்பழக்கத்தையும் கண்டனர். கடன் அடைப்பதற்கு எழுந்த ஏற்பாடு இவ்வாறு ஒருவர் நலனை ஒருவர் விசாரிக்கும் ஏற்பாடாக மாறிற்று. பன்னிருவர் அளவான சிறு குழு, அதற்கொரு தலைவர், காலாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் அங்கத்துவச் சீட்டு என்பன மெதடிஸ்தம் சென்ற இடமெல்லாம் சென்றன. பெருந்தத்துவங்களிலிருந்தன்றி ஒரு கட்டடக் கடனிலிருந்து இம்முறை பிறந்தமை கவனிக்கத்தக்கது.

குடியையும் வகுப்பையும் அருகருகே வைத்து நோக்குவோமாயின் வேறுபாடு தெளிவாகும். குடி பிறப்பால் வருவது. வகுப்பு உடன்பாட்டால் வருவது. குடியிலிருந்து ஒருவன் விலகுவதில்லை; வகுப்பிற் காலாண்டுதோறும் சீட்டுப் புதுப்பிக்கப்படாதவன் அங்கத்தவனாக நிலைப்பதில்லை. குடியின் தலைமை உரிமைவழி வந்தது. வகுப்பின் தலைமையோ வாசிக்கத் தெரிந்த, ஒழுக்கம் கண்டறியப்பட்ட எவரிடமும் செல்லக்கூடியது. ஆண்டின் முதல் ஞாயிற்றுக்கிழமையில் மெதடிஸ்த சபைகள் நடத்தும் உடன்படிக்கை ஆராதனையில், முன்னரே கிறிஸ்தவராயுள்ளோரும் தமது அர்ப்பணத்தை மீண்டும் வாய்மொழிந்து ஏற்கின்றனர். ஆண்டுதோறும் மீண்டும் சேர வேண்டிய ஒரு கூட்டம் என்னும் கருத்து, தாய்வழிக் குடியை அறிந்த ஒரு சமூகத்திற்கு முற்றிலும் புதியது.

எனினும் புதியது பழையதை வென்றுவிட்டதெனக் கருதலாகாது. ஞானஸ்நானம் பெற்றவன் கோயில் திருவிழாவிலே தன் குடிக்குரிய பங்கை ஏற்க இயலாதவனானான். ஆயினும் தாயிடமிருந்து வந்த குடி ஞானஸ்நானத்தாற் போய்விடுவதில்லை. மணம், சீதனம், மரணச் சடங்கு ஆகியவற்றில் உறவினர் உறவினராகவே நின்றனர். மேலும், ஆண் மனைவி வீட்டிற் சென்று வாழும் ஒரு சமூகத்தில், ஆடவர் மட்டும் கேட்டு ஏற்றுக்கொள்ளும் சமயம் வேரூன்றுவது அரிது. வீடு பெண்ணுடையது; வீட்டின் வழிபாடும் அவளுடைய தாயின் வழியது. மகளிர் பாடசாலைகளுக்கும், வீடுகள்தோறும் சென்று பெண்களுக்கு வாசிப்பும் தையலும் வேதமும் கற்பித்த வேதாகமப் பெண்களுக்கும் மிஷனரிமார் அளித்த முதன்மைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். இக்கரையிற் கிறிஸ்தவ சபைகள் சிறியனவாகவே நின்றமைக்குச் சைவத்தின் வலிமையும் இஸ்லாத்தின் வலிமையும் போலவே, பெண் வழி வந்த வீட்டின் வலிமையும் காரணம் என்றல் பொருந்தும்.

ஆகவே சபைக்குள் வந்தோர் சிலர். அவர்களுள் ஆசிரியர், உபதேசியார், எழுதுவினைஞர், வேற்றூரிலிருந்து அரச சேவையில் வந்தோர், யாழ்ப்பாணத்திலிருந்து கல்வி கற்பிக்க வந்தோர் எனப் பலதிறத்தினர் இருந்தனர். வேற்றூரிலிருந்து வந்த ஆசிரியருக்குக் கல்முனைக் கரையிற் குடியுமில்லை, கோயிற் பங்குமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திற் பக்கத்தில் அமர்ந்தவரே அவருக்கு உறவினர். நோயுற்றாற் கஞ்சி கொண்டுவருவோரும், பிள்ளை பிறந்தாற் பெயரிடும்போது நிற்போரும், இறந்தாற் பெட்டி தூக்குவோரும் அவர்களே. அறுப்பின் பண்டிகையன்று நெல்லும் தேங்காயும் பூசணியும் ஆலயத்திற் படைக்கப்பட்டுப் பின்னர் ஏலத்தில் விற்கப்பட, உள்ளதைவிடக் கூடிய விலைக்கு வாங்குவதே அங்கு பெருமையாகக் கருதப்பட்டது. இவையெல்லாம் சிறு செயல்கள். ஆயினும் பிறப்பால் வராத உறவு என்பது இத்தகைய சிறு செயல்களாலேயே ஆக்கப்பட வேண்டியிருந்தது. அதற்கு வேறு முதலீடு இல்லை.

சபைக்கு வெளியிலிருந்தோருக்கு அது அளித்தது பாடசாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கல்முனை மெதடிஸ்தப் பணியின் முக்கிய நிலையமாகியது. பின்னர் உவெஸ்லி உயர்தரப் பாடசாலை என வழங்கலான கல்விக்கூடம் அங்கு வளர்ந்தது. கத்தோலிக்கரின் பணியும் உடன் வளர்ந்தது. 1893 இல் திருகோணமலை மறைமாவட்டம் தனியாக அமைக்கப்பட்டு, அதன் பின்னர் யேசு சபையினர் கிழக்கிற் பணியேற்றனர். மட்டக்களப்பிற் புனித மிக்கேல் கல்லூரியும், கல்முனையிற் கார்மேல் பற்றிமாக் கல்லூரியும் அப்பணியின் சின்னங்களாக இன்றும் பெயர்பெற்று விளங்குகின்றன.

இப்பாடசாலைகளில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. அவை அயலாருக்குச் செய்யப்பட்ட சேவையாகவும், அயலாரைத் தம்பாற் சேர்க்கும் கருவியாகவும் ஒருங்கே இருந்தன. ஆங்கிலம் வேண்டிய சைவப் பிள்ளை வேதபாடத்தையும் கேட்டது. முஸ்லிம் பெற்றோருட் பலர் இவ்வச்சத்தாலேயே தம் பிள்ளைகளை அனுப்பாதொழிந்தனர். அதன் விளைவாக நவீன கல்வியில் அச்சமூகம் நெடுங்காலம் பின்தங்க நேர்ந்தது. கைம்மாறு கருதிச் செய்யப்படும் உதவி உதவியாகுமா என்னும் வினா அன்று யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கிளம்பிற்று. மிஷனரிமாருட் பலர் தம் வாழ்நாளையும் உடல்நலத்தையும் இக்கரைக்குக் கொடுத்தவர்கள் என்பதும் உண்மை. தாம் கொடுத்ததற்கு ஈடாக ஆன்மாவை எதிர்பார்த்தனர் என்பதும் உண்மை. ஒன்றைக் கூறி மற்றொன்றை விடுவோர் இருதரத்தாரும் வரலாற்றைப் பாதியே கூறுகின்றனர்.

இவ்வினாவுக்கு இக்கரையிலிருந்தே விடை கூறியவர் சுவாமி விபுலாநந்தர். 1892 மார்ச் 27 இற் காரைதீவிற் பிறந்த மயில்வாகனம், கல்முனை மெதடிஸ்தப் பாடசாலையிற் கற்றார். பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். 1917 இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். அதாவது, அவர் கல்வி கற்றதும் கற்பித்ததுமான இளமைக்காலத்தின் பெரும்பகுதி மெதடிஸ்தருடைய அல்லது கத்தோலிக்கருடைய நிறுவனங்களிலே கழிந்தது. அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆயின், தன்னலம் துறந்த ஆசிரியர் குழாமொன்று, ஒழுங்கான நிருவாகம், தங்கிக் கற்கும் இல்லம், ஊரூராகப் பாடசாலை என்னும் முறையை அவர் உள்ளிருந்து கண்டவர். 1924 இல் இராமகிருஷ்ண மடத்துத் துறவியாகி மறு ஆண்டு இலங்கை திரும்பிய பின், மிஷன் பாடசாலைகளை நடத்தும் பொறுப்பை ஏற்றார். 1929 இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் திறக்கப்பட்டது. அநாதைச் சிறாருக்கும் வறியோருக்கும் மாணவர் இல்லம் அமைந்தது. சாதி வேறுபாடு நோக்காது பிள்ளைகளைச் சேர்த்தலில் அவர் உறுதியாக நின்றார்.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் இதற்கு முன்னரே இத்தகைய பாதையில் நடந்திருந்தார். வெஸ்லியன் பாடசாலையிற் கற்று, பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவிய அவர், 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இருவரையும் மிஷனரிமாருக்கு எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் என மட்டும் காண்பது குறைவான காட்சி. குறிப்பாக விபுலாநந்தர் விடயத்தில், எதிர்ப்பைவிட ஏற்பே மிகுதி. பிறருக்குச் சேவை செய்தலைச் சமயத்தின் அணிகலனாக அன்றிச் சமயத்தின் சாரமாகவே கொள்ளும் நோக்கு விவேகானந்தரிடமிருந்து அவருக்கு வந்தது. அதனை ஊரிலே நிறுவனமாக்கும் முறைக்கு முன்மாதிரி அவர் கண்முன்னே கல்முனையிலும் மட்டக்களப்பிலும் நின்றது.

சங்கிலியின் அடுத்த கணு இன்னும் சுவையானது. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ், இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்று இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்தவர். இரண்டாம் உலகப்போர்க் கால உணவு நெருக்கடியின்போது, 1942 இல், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். வயல்களை விரிவாக்கி உணவு பெருக்குவதே அவரது உத்தியோகக் கடமை. அங்கு முஸ்லிம் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கண்ட அவர், அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1945 இல் நாடளாவிய நிலையிற் தோன்றிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு அதுவே வித்தாயிற்று. விபுலாநந்தரிடத்து அவர் பெருமதிப்பும் நட்பும் கொண்டிருந்தார். மெதடிஸ்தப் பாடசாலையிற் கற்ற சைவத் துறவி ஒருவர், அத்துறவியின் மிஷன் பாடசாலையிற் கற்ற முஸ்லிம் அதிகாரி ஒருவர், அவ்வதிகாரி கல்முனையிற் தொடங்கிய சங்கத்தின் வழிவந்த நிதியினாற் கற்ற மாணவர்கள் என இவ்வழி நீள்கின்றது. வாரத்துக்கு ஒரு பென்னி சேர்த்து, சேர்த்ததைத் தன் குடியல்லாதவனுக்கும் பயன்படுத்தும் வழக்கம் மூன்று சமயங்களினூடாகவும் நடந்தது. இதனைத் திருச்சபையின் வெற்றி என்பதா, தோல்வி என்பதா? மதம் மாறியோர் தொகையை ஏட்டிற் குறித்துவந்த ஒரு சென்ற நூற்றாண்டு மிஷனரியிடம் கேட்பின் தோல்வி என்றே கூறியிருப்பார்.

1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும், 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசுடைமையாக்கின. மெதடிஸ்தர், கத்தோலிக்கர் ஆகியோருடைய பாடசாலைகளைப் போலவே இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளும் சென்றன. இலங்கையின் பிற பகுதிகளிற் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் அமர்ந்து எதிர்ப்புக் காட்டினர். கல்முனையில் உவெஸ்லியின் பெயரும் கார்மேல் பற்றிமாவின் பெயரும் நிலைத்தன. பாடசாலைகள் அரசினுடையன ஆயின. அவற்றின் மாணவருட் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். மூன்றாண்டு கழித்து, 1964 இல், இலங்கை மெதடிஸ்தத் திருச்சபை இங்கிலாந்தின் ஆளுகையிலிருந்து நீங்கித் தன்னாட்சி பெற்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து வந்தமை சிறு சபைகளுக்குப் பெருஞ் சோதனையாயிற்று. நூறாண்டுக்கு மேலாகச் சேவை என்றாற் பாடசாலை, பாடசாலை என்றால் அரசின் நன்கொடையும் கடல்கடந்த பணமும் என்று பழகியவர்களிடம் இப்போது பாடசாலையுமில்லை, கொடுப்பதற்கு உத்தியோகமுமில்லை. எஞ்சியது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் காணிக்கைப் பையுமே. இதனை இழப்பென்றே பலர் அன்று கருதினர். ஆயினும் கைம்மாறு பற்றிய பழைய ஐயத்திலிருந்து திருச்சபையை விடுவித்ததும் இச்சட்டங்களே எனலாம். கொடுத்து வாங்குதற்கு ஒன்றுமற்ற நிலையிற் செய்யும் உதவியை எவரும் ஐயுறுவதற்கில்லை. 1978 நவெம்பர் 23 இல் வீசிய சூறாவளி மட்டக்களப்புப் பகுதியைச் சிதைத்தபோது இவ்வாறான உதவிக்குத் தேவை எழுந்தது. கூரையிழந்தோரிடம் எவரும் சமயம் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

போர்க்காலம் அதனினும் கொடியது. 1985 ஏப்பிரலிற் காரைதீவுப் பகுதியிற் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடையே வெடித்த மோதலோடு, நூற்றாண்டுகளாக அடுத்தடுத்து வாழ்ந்த ஊர்களின் நடுவே அச்சம் எல்லையிட்டது. 1990 யூன் மாதத்திலிருந்து கல்முனையிலும் பாண்டிருப்பிலும் தமிழர் பலர் கொல்லப்பட்டும் காணாமற்போயும் அழிந்தனர். ஓகஸ்ட் 3 இற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அம்மாதம் 12 இல் வீரமுனையிற் கோயிலிற் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். கோயிலும் பள்ளிவாசலும் காக்க இயலாத காலம் அது. குடி முறை தன்னவரைப் புதைக்கவும் தன்னவருக்காக அழவும் அறிந்திருந்தது. அடுத்த ஊராருக்காக அழுவதற்கு அன்று துணிவு வேண்டியிருந்தது.

அத்துணிவைக் காட்டியோருட் சிலர் திருச்சபையினர். மட்டக்களப்புப் புனித மரியாள் பேராலயப் பங்குத் தந்தை சந்திரா பெர்னாண்டோ, மக்கள் உரிமைக்காகக் குரல் கொடுத்தவர். 1988 யூன் 6 இற் சுட்டுக் கொல்லப்பட்டார். 1948 இல் அமெரிக்காவிலிருந்து வந்து, கிழக்கின் மாணவர்க்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றியவரெனப் பெயர்பெற்ற யேசு சபைத் தந்தை இயூஜின் ஹேபேர்ட், 1990 ஓகஸ்ட் 15 இல், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், உடன் வந்த தமிழ் இளைஞரோடு காணாமற்போனார். இருவரும் மீளவில்லை. அதே ஆண்டில், 1948 இல், வந்த மற்றொரு யேசு சபைத் தந்தையான மில்லர், மட்டக்களப்புச் சமாதானக் குழுவின் வாயிலாகக் காணாமற்போனோரின் பெயர்களைப் பதிந்து, படைமுகாம்களின் வாயிலில் வினாவிக்கொண்டிருந்தார். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு உயிரோடிருப்போரைக் கிறிஸ்தவரெனக் கணக்கிட்டது. இவர் எழுதிய ஏட்டிற் சமயம் கேட்கப்படவில்லை. தேடப்படுவோரின் பெயர் மட்டுமே வேண்டியிருந்தது.

2004 டிசெம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தாரின் மறுநாட் காலை, ஆராதனை வேளையில், ஆழிப்பேரலை இக்கரையை மோதியது. இலங்கை மாவட்டங்களுள் அம்பாறையே பெருந்தொகையான உயிர்களை இழந்தது. பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என ஊர்கள் அடுக்கடுக்காக அழிந்தன. குடிக்குக் குடி வேறுபாடின்றி அலை எடுத்துச் சென்றது. முதல் நாட்களில் தமிழ் ஊரார் முஸ்லிம் ஊராரையும் முஸ்லிம் ஊரார் தமிழ் ஊராரையும் தூக்கி எடுத்தனர். பாடசாலைகளும் வழிபாட்டிடங்களும் புகலிடங்களாயின. நிவாரணப் பணம் வந்த பின்னர் யாருக்கு எவ்வளவு என்ற பூசல் மீண்டும் தலையெடுத்தது என்பதையும் கூறியாக வேண்டும். மெதடிஸ்தர் உடன்படிக்கை ஆராதனைக்குக் குறித்து வைத்திருந்த ஆண்டின் முதல் ஞாயிறு, அலைக்குப் பின் ஏழாம் நாளாக, 2005 ஜனவரி 2 இல் வந்தது.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற சிறுவர் பலர் மாண்டோருள் அடங்குவர். ஐந்து நாட் கழித்து, அத்தாக்குதல்களோடு தொடர்புடையோர் சாய்ந்தமருதில் ஒரு வீட்டிற் குண்டுகளை வெடிக்கச் செய்து, தம் குடும்பத்தாரோடு இறந்தனர். விபுலாநந்தர் பிறந்த காரைதீவுக்கு அடுத்த ஊர் அது. அவ்வீட்டிற் புதிதாக வந்து தங்கியோர் மீது ஐயங்கொண்டு அதிகாரிகளுக்கு அறிவித்தோர் அவ்வூர் முஸ்லிம் மக்களே.